பெல்ட்டில் ஐந்தாவது ஓட்டை

அவரை நினைத்தால் முகத்துக்கு முன்னால் எனக்கு ஞாபகம் வருவது அவருடைய வலது கட்டைவிரல் நகம். எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் அந்த நகத்தை அதன் ஓரத்தில் வைத்து ஒரு இழுப்பு இழுப்பார். சாவி, எவர்சில்வர் டம்ளர், கல்யாணப் பத்திரிகை, எதுவானாலும் சரி. ஓரத்தில் பிசிறு இருக்கிறதா என்று பார்க்கிறாராம். அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், ஆகி வருகிற பீஸ்களைப் பரிசோதிக்கும் வேலையில் முப்பது சொச்சம் வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். முதல் சந்திப்பில் நான் கைகுலுக்கக் கையை நீட்டினேன். அதையும் ஓரமாக ஒருமுறை நகத்தால் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் குலுக்கினார். பாஸா ரிஜெக்டா என்று சொல்லவில்லை.

கள்ளிக்குப்பத்தில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் நாங்கள் குடியேறிய புதிது. "ஒங்க எதிர் ஊட்ல இன்ஸ்பெக்டரு கீறாரு சார், பாத்து நடந்துக்குங்க" என்று வாட்ச்மேன் சொல்லியிருந்தார். நான் போலீஸ் என்று நினைத்துவிட்டேன். இரண்டு மாதம், கீழே நிற்கும் வண்டியை எடுக்கப் போகும்போது வீட்டு வாசலிலேயே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இறங்கினேன். ஒருநாள் அவரே படியில் மறித்துக் கேட்டார்.

"தம்பி, படி எறங்கறதுக்கு ஹெல்மெட்டு இன்னாத்துக்கு? மேலேர்ந்து ஏதாவது வுழுதா?"

"இல்ல சார், சும்மா."

சும்மா என்ற வார்த்தையை அவர் வாழ்நாளில் நம்பியதில்லை. அன்றிலிருந்து அவர் படியிறங்கும்போதெல்லாம் மேல்தளத்துச் சிமெண்டுப் பூச்சை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இறங்கினார். மூன்றாம் வாரம் அசோசியேஷன் கூட்டத்தில் எழுந்து, இரண்டாவது மாடிக் கூரையில் விரிசல் இருக்கிறது என்றார். ஏணி போட்டுப் பார்த்தார்கள். இருந்தது. அந்த மனிதரிடம் உள்ள சங்கடமே அதுதான். பத்து சந்தேகத்தில் ஒன்பது நம்மைச் சிரிக்க வைக்கும். பத்தாவது, சிரித்தவன் தலையில் விழ இருந்த சிமெண்டு.

பால் பாக்கெட்டை வெட்டி ஒரு சொட்டைத் தரையில் விட்டு, அது ஓடுகிற தினுசைப் பார்ப்பார். தண்ணீர் கேன்காரர் வந்தால் மூடியின் சீலைச் சுற்றி நகம் ஒரு பிரதட்சிணம் வரும். பொங்கலுக்கு என் மனைவி கொடுத்த அதிரசத்தில் ஒரு விள்ளல் கிள்ளி, மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு நின்றார். கால் மணி நேரம் கழித்து எங்கள் கதவைத் தட்டினார்.

"எறும்பு பாஸ் பண்ணிடுச்சும்மா. நல்லா கீதாம்."

மனைவி கதவைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "எறும்பு மொய்க்க கால் மணி நேரமா ஆகும்? வெல்லத்துல ஏதாவது கலந்திருப்பானோ?" என்றாள். தொற்று வியாதி அது.

ஆனால் அவரிடம் கேட்டால் வியாதி என்று ஒத்துக்கொள்ள மாட்டார். "சந்தேகப்படறது கெட்ட கொணம் இல்ல தம்பி. சம்பளம் வாங்கிகினு செஞ்ச வேல." அதற்கொரு சட்டமும் வைத்திருந்தார். "ஒரு பீஸை எவன் செஞ்சானோ அவன் அத்த செக் பண்ணக் கூடாது. அவனுக்கு அது கொழந்தை மாதிரி. கொழந்தை ஒடம்புல பிசிறு இருந்தா பெத்தவன் கண்ணுக்குத் தெரியுமா?" இதை லிஃப்ட்டில், மாடியில், குப்பைத்தொட்டி அருகில் என்று என்னிடம் குறைந்தது இருபது தடவை சொல்லியிருப்பார். இருபது தடவையும் நான் தலையாட்டினேன். அவர் எந்தத் தலையாட்டலையும் நம்பாததால்தான் இருபது தடவை சொன்னார் என்று இப்போது தோன்றுகிறது.

தனியாள். மகள் பட்டாபிராமில் இருந்தாள். கூட இருந்தது ஒரு நாய். பாதி லேப்ரடார், மீதிப் பாதி கள்ளிக்குப்பம். பெயர் மேனேஜர்.

"முப்பது வருசம் மேனேஜருங்க சொன்னதக் கேட்டேன். இப்ப நான் சொல்றத மேனேஜர் கேக்கட்டும்" என்பார். காலையில் அவர் "மேனேஜர், ஒக்காரு" என்று சொல்லும்போது அந்தக் குரலில் இருந்த நிம்மதியை நான் எந்தக் கோயில் வாசலிலும் கேட்டதில்லை. கழுத்துக்கு அவரே ஒரு பட்டை செய்து போட்டிருந்தார். தொழிற்சாலையில் கழித்துக்கட்டிய மெஷின் பெல்ட்டில் வெட்டியது. மூன்று விரல் அகலம், பித்தளைக் கொக்கி, நாலு ஓட்டை, ஓரமெல்லாம் அரம் போட்டு வழவழப்பாக்கியது. கடையில் விற்கிற பெல்ட்டெல்லாம் அவர் கணக்கில் ரிஜெக்ட்.

மேனேஜருக்கும் எனக்கும் ஆகாது. நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன். வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்களிடம், அவர்களுடைய கணினி ஏன் ஓடவில்லை என்பதை அவர்களுக்கே புரியாத ஆங்கிலத்தில் விளக்குவது என் தொழில். சாயங்காலம் நான் வாயைத் திறக்கிற நேரம் பார்த்து எதிர்வீட்டில் மேனேஜர் குரைக்கத் தொடங்கும். ஒருமுறை போனில் அந்தப் பக்கம் இருந்த அம்மணி நான் சொன்னதையெல்லாம் விட்டுவிட்டு, பின்னால் பேசுவது யார், அவரிடம் கொடுங்கள் என்றார். பதவி உயர்வு அந்த வருஷமும் தள்ளிப்போனது. நாயால்தான் என்று நான் வெளியே சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்கே காரணம் தெரியும்.

அந்த எரிச்சலில் இரண்டு தப்பு செய்தேன். ஒன்று, அசோசியேஷன் கூட்டத்தில் எல்லார் முன்னாலும், "அந்த நாயோட தொண்டைய ஒருநாள் அடைக்கிறேனா இல்லையா பாருங்க" என்று சொன்னேன். வேடிக்கைக்குச் சொன்னது. எல்லாரும் சிரித்தார்கள், அவர் மட்டும் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எதையோ எழுதிக்கொண்டார். இரண்டாவது, ஆன்லைனில் ஒரு டப்பா வாங்கினேன். நாய் குரைத்தால் மனிதக் காதுக்குக் கேட்காத சத்தம் ஒன்றை எழுப்பி, அதை வாயடைக்க வைக்குமாம். நடைபாதையில் மணிபிளாண்ட் தொட்டிக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்தேன். மேனேஜர் அதை மதிக்கவே இல்லை, வழக்கம்போலக் குரைத்தது. நான் வாங்குகிற எதுவும் வேலை செய்யாது என்பது பழகிய விஷயம் என்பதால் அதை மறந்தும்விட்டேன்.

அதற்கு மூன்று வாரம் கழித்து மேனேஜரின் குரல் உடைந்தது.

கணீரென்று இருந்த குரைப்பு, பழைய ஸ்கூட்டரைக் காலையில் உதைத்துக் கிளப்புகிற மாதிரி காற்றும் கரகரப்புமாக வந்தது. தண்ணீர் குடித்தால் இருமியது. எதிர்வீட்டுக்காரர் முதலில் தண்ணீர் கேனைச் சந்தேகப்பட்டு ஆளை மாற்றினார். பிறகு பக்கத்தில் எங்கோ பெயிண்ட் அடிக்கிற வாசனையைச் சந்தேகப்பட்டார். அது சரிப்படாமல் போகவே, ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"மேனேஜரு கொரலு மாறியிருக்கு. கவனிச்சீங்களா தம்பி?"

"ஆமா சார், கொஞ்சம்."

"எப்பலேர்ந்து கவனிச்சீங்க?"

"ஒரு பத்து நாளா..."

"நான் ஆறு நாளாத்தான் கவனிக்கிறேன். ஒங்களுக்கு நாலு நாளு முன்னாடியே எப்டித் தெரியும்?"

அவர் எழுதிக்கொண்டார். சமையலறை வரை வந்து மூக்கை உறிஞ்சினார். போகும்போது எங்கள் குப்பைக்கூடையைக் கண்ணால் அளந்தார். மறுநாள் வாட்ச்மேன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. ஒங்க ஊட்டுக் குப்பைய இன்ஸ்பெக்டரு கெளறிகினு இருந்தாரு. இன்னா சார் மேட்டரு? நாய்க்கு இன்னா குட்த்தீங்க?"

"நான் ஒண்ணும் குடுக்கலைங்க."

"நானும் அத்தத்தான் சொன்னேன். அவரு அந்த மாரி ஆளு இல்லன்னு. ஆனா சொல்லிட்டு எனக்கே ஒரு டவுட்டு."

மனைவியிடம் வந்து புலம்பினேன். "நீங்க செஞ்சிருக்க மாட்டீங்க" என்று அவள் தீர்மானமாகச் சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த வாக்கியத்தை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். "அதுக்கெல்லாம் ஒரு சாமர்த்தியம் வேணும்."

இந்த நிலைமையில்தான் மேனேஜர் எனக்குக் கண்ணடிக்க ஆரம்பித்தது.

உண்மையாகத்தான் சொல்கிறேன். லிஃப்ட் கதவு திறந்தது, அவரும் நாயும் உள்ளே. நாய் என்னை நிமிர்ந்து பார்த்தது. இடது கண் பாதி மூடியிருந்தது, வலது கண் முழுசாகத் திறந்திருந்தது. பழைய கூட்டாளி ஒருவன், விஷயம் நம்ம ரெண்டு பேருக்குள்ளேயே இருக்கட்டும் என்று சொல்வதுபோல ஒரு பார்வை. அவர் நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஒங்களப் பாத்தா மட்டும் கண்ணடிக்குது. இன்னா சமாச்சாரம்?"

"எனக்குத் தெரியாது சார்."

"அதுக்குத் தெரியும் போலகீதே."

அன்றைக்கு அவர் வேறொன்றும் சொன்னார். அப்போது நான் காதில் வாங்கவில்லை. "ஒடம்பு ஒண்ணும் எளைக்கல. நல்லாத்தான் ஏறியிருக்கு. போன மாசம்தான் பெல்ட்டுல புதுசா ஒரு ஓட்டை போட்டு லூசாக்குனேன்." பெருமையாகச் சொன்னார். பிள்ளைக்குப் போன வருஷத்துச் சட்டை சேரவில்லை என்று சொல்கிற அப்பன் மாதிரி.

அடுத்த ஞாயிறு காலை, கார் நிறுத்துகிற இடத்தில் அணிவகுப்பு. போலீஸ் நிலையத்தில் சாட்சிக்கு முன்னால் ஆட்களை வரிசையாக நிறுத்துவார்களே, அதே. வாட்ச்மேன், பழைய தண்ணீர் கேன்காரர், நான். கேன்காரரை எப்படி வரவழைத்தார் என்று தெரியவில்லை. திரும்ப ஆர்டர் கிடைக்கும் என்று நம்பி வந்திருப்பார், பாவம். ஞாயிற்றுக்கிழமை, வெட்டிமுறிக்க வேலை ஒன்றும் இல்லாததால் மற்ற வீட்டுக்காரர்களும் பால்கனியில் காபியோடு நின்றார்கள்.

"யாரும் சிரிக்கக் கூடாது, கைய ஆட்டக் கூடாது. மேனேஜர் தானா பாக்கணும்" என்றார்.

நாயை வாட்ச்மேன் முன்னால் நிறுத்தினார். நிமிர்ந்து பார்த்தது, இடது கண் சொருகியிருந்தது. வாட்ச்மேன் வெலவெலத்துப் போனார். "சார், அம்மா சத்தியமா நான் இல்ல சார்." கேன்காரர் முன்னால் நிறுத்தினார், கண்ணடித்தது. "இன்னா நைனா இது, ஊட்டுக்குத் தண்ணி போட்டதுக்கு இதான் மரியாதையா" என்றார் அவர். என் முன்னால் நிறுத்தினார். எனக்கும் அதே. கூட்டுச் சதி என்று அவர் முடிவு கட்டுவார், மூன்று பேருமாகச் சேர்ந்து ஜாமீனுக்கு அலைய வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அவர் அப்படி முடிவு கட்டவில்லை. சற்று யோசித்தார். பிறகு நாயின் கயிற்றை, வேடிக்கை பார்க்க இறங்கி வந்திருந்த என் மனைவியிடம் கொடுத்துவிட்டு வந்து, வரிசையில் எனக்குப் பக்கத்தில் தானே நின்றார்.

"நீங்க எதுக்கு சார்?" என்றேன்.

"மாஸ்டர் பீஸு தம்பி. நல்ல பீஸு ஒண்ண வச்சுப் பாக்காம அளவு பாக்கற எந்தக் கேஜையும் நம்பக் கூடாது."

மனைவி மேனேஜரை அவர் முன்னால் கொண்டுவந்தாள். அது வாலை ஆட்டியது, தலையை நிமிர்த்தியது. அவருக்கும் கண்ணடித்தது.

பால்கனியில் எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. முகத்தில் இருந்த விசாரணையெல்லாம் வடிந்து, வேறொன்று வந்தது. "மாஸ்டர் பீஸையே ரிஜெக்ட் பண்ணுதுன்னா," என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார், "கோளாறு கேஜுல."

அப்படியே தரையில் மண்டியிட்டார். நாயின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, கார் நிழலுக்குள் திருப்பிப் பார்த்தார். அவர் கண்டதை நானும் அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தேன். வலது கண்ணின் பாவை நிழலில் மிளகு அளவுக்கு விரிந்திருந்தது. இடது கண்ணில் அது கடுகாகவே நின்றது. கண்ணே சற்று உள்வாங்கி, மூக்கோரத்திலிருந்து சிவப்பாக ஒரு சவ்வு பாதிக்கு ஏறியிருந்தது. அது கண்ணடிக்கவே இல்லை. இமையைத் தூக்க முடியாமல் இருந்தது.

"ரெண்டும் ஒரே அளவு இல்ல" என்றார். "தம்பி, ஒங்க காரு கீதா?"

அம்பத்தூரில் ஒரு நாய் டாக்டரம்மா இருந்தார், சின்ன வயசு. நான் ஓட்டினேன். அவர் நாயோடு பின்சீட்டில், சரியாக எனக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். பக்கத்துச் சீட் காலிதானே என்றேன். "பின்னாடி ஒக்காந்தாத்தான் ஓட்டறவரு கையி தெரியும்" என்றார். வழியெல்லாம் கேள்வி. ஏன் இந்தப் பக்கம் திரும்புறீங்க, அந்தச் சந்துல போனா இன்னா, லாரியை ஏன் முந்தல, இப்ப ஏன் முந்துறீங்க. சந்தேகக் கேஸில் மாட்டியவன் வண்டி ஓட்ட, புகார் கொடுத்தவர் வழி சொல்ல, சாட்சி சன்னலில் தலையை நீட்டிக் கரகரவென்று இருமிக்கொண்டு வந்தது.

டாக்டரம்மா கண்ணை டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு கண்ணை விட்டுவிட்டுக் கழுத்துக்கு வந்தார். "இந்தப் பெல்ட்டைக் கழட்டலாமா?"

கழற்றினார். மூன்று விரல் அகலப் பட்டைக்கு அடியில், மூச்சுக்குழாயின் இடது பக்கம், ரோமத்துக்குள் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கட்டி. டாக்டரம்மா விரலால் நகர்த்திப் பார்த்தார். பாதி நகர்ந்தது, பாதி நகரவில்லை.

"தைராய்டு சுரப்பி இருக்கிற இடம் இது" என்றார். "ஊசி போட்டு எடுத்துப் பார்க்கணும், ஸ்கேன் பண்ணணும். வயசான நாய்க்கு இந்த இடத்துல இப்படி வந்தா பெரும்பாலும் கேன்சராத்தான் இருக்கும். தொண்டையில கோளாறு இல்ல சார். கண்ணுலயும் இல்ல. குரல்வளைக்குப் போற நரம்பு இதை ஒட்டித்தான் போகுது. கண்ணுக்குப் போற நரம்பு ஒண்ணும் நெஞ்சுக்குள்ள எறங்கி, திரும்பக் கழுத்து வழியாத்தான் மேல ஏறுது. கட்டி ரெண்டையும் அழுத்துது."

டாக்டரையும் அவர் சும்மா விடவில்லை. "கண்ணு மண்டையில கீது. மூளையும் மண்டையில கீது. நடுவுல ஒயரு இன்னாத்துக்கும்மா நெஞ்சுக்கு எறங்கிட்டு வருது?"

"அப்படித்தான் சார் அமைப்பு. மனுசனுக்கும் அதேதான்."

"டிசைன் மிஸ்டேக்கு" என்று நோட்டில் எழுதிக்கொண்டார். கடவுளையும் அவர் லிஸ்டில் சேர்த்த நாள் அது.

டாக்டரம்மா நாயை எடை மேடையில் ஏற்றினார். தடுப்பூசிப் புத்தகத்தைப் புரட்டினார். "போன வருசத்துக்கு இப்ப அரைக் கிலோ கம்மிதான்" என்று சொல்லிக்கொண்டே பெல்ட்டைக் கையில் எடுத்து, ஓட்டைகளைப் பார்த்தார். மூன்றாவது ஓட்டை வருஷக்கணக்கில் கொக்கி உராய்ந்து கறுத்திருந்தது. நாலாவதில் லேசான தேய்மானம். ஐந்தாவது புத்தம் புதுசு. "இது எப்ப சார் லூசாக்குனது? உடம்பு ஏறாம கழுத்து மட்டும் எப்படி ஏறும்?"

குற்றம் சொல்கிற தொனியே அதில் இல்லை. கட்டி எவ்வளவு நாளில் வளர்ந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எதிர்வீட்டுக்காரர் கையை நீட்டினார். பெல்ட்டை வாங்கினார். அந்த ஐந்தாவது ஓட்டையின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து மெதுவாகச் சுற்றினார். பிசிறு இல்லை. அவ்வளவு சுத்தமாகப் போட்டிருந்தார்.

ஊர் முழுக்கச் சந்தேகப்பட்ட மனிதர். தண்ணீரை, பெயிண்டை, என் குப்பையை, என் வாக்குமூலத்தில் நாலு நாள் வித்தியாசத்தை. அத்தனைக்கும் விடை, அவர் கையாலேயே வெட்டி, அவர் கையாலேயே மாட்டி, அவர் கையாலேயே இரண்டு தடவை தளர்த்திய பட்டைக்கு அடியில் இருந்தது. திரும்பி வரும்போது வழியில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒருமுறை வண்டியை வேண்டுமென்றே தப்பான சந்தில் திருப்பினேன். அப்போதும் வாய் திறக்கவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

நகரத்துக்குள் இருந்த பெரிய கால்நடை மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. கட்டியை எடுத்துவிட்டார்கள், ஒட்டியிருந்த இடத்தில் முழுக்க வந்ததா என்று உறுதியில்லை என்றும் சொல்லிவிட்டார்கள். நரம்பு பழையபடி ஆகாது. குரலும் கண்ணும் இனி இப்படித்தான். திரும்ப வரலாம், வாராவாரம் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருங்கள், சின்னதாகக் கையில் தட்டினாலும் உடனே கொண்டுவாருங்கள் என்று அனுப்பினார்கள்.

தையல் பிரித்த வாரம் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். உட்கார வைத்து, மேஜை இழுப்பறையைத் திறந்து, இரண்டு பேட்டரியை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இது ஒங்களுதுதானே?"

எனக்குப் புரியவில்லை. பிறகு மணிபிளாண்ட் தொட்டி ஞாபகம் வந்தது. காது மடல் சுட்டது.

"வச்ச மறுநாளே பாத்துட்டேன். பேட்டரிய உருவிட்டு டப்பாவ அங்கியே வச்சிட்டேன்."

"சார், அப்ப நான் ஒண்ணும் பண்ணலைன்னு உங்களுக்கு மொதல்லயே தெரியுமே."

"டப்பா ஒண்ணும் பண்ணலன்னு தெரியும். நீங்க பண்ணலன்னு எப்டித் தெரியும்?"

அவர் மேனேஜரைக் கூப்பிட்டு என் முழங்கால் பக்கமாகத் தள்ளினார். கழுத்தில் பெல்ட் இல்லை. சவரம் செய்த இடத்தில் முடி குத்திக்கொண்டு முளைத்திருந்தது.

"செஞ்சவன் செக் பண்ணக் கூடாது. முப்பது வருசம் ஊருக்குச் சொன்னேன். நானே செஞ்சி, நானே செக் பண்ணேன்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் நாயின் முதுகைப் பார்த்துச் சொன்னார். "இனிமே நான் தொட மாட்டேன். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நீங்க வந்து பாருங்க."

"நானா? சார், எனக்கு நாய்னாலே..."

"அதான். ஆச வச்சவன் கையிக்குத் தட்டாது. ஒங்களுக்கு மேனேஜரக் கண்டா ஆவாது. செக்கிங்குக்கு அந்த மாரி ஆளுதான் வோணும்."

என் வாழ்க்கையில் ஒரு வேலைக்கு முழுத் தகுதியோடு நான் தேர்ந்தெடுக்கப்பட்டது அந்த ஒருமுறைதான்.

டாக்டரம்மா எனக்கு ஒரு தடவை சொல்லிக்கொடுத்தார். தாடை மூலையில் தொடங்கி, மூச்சுக்குழாயின் இரண்டு பக்கமும் விரல் நுனியால் இறங்கி, நெஞ்சுக்கூட்டு வாசல் வரை. பிறகு தோள்பட்டைக்கு முன்னால். ஞாயிறு காலை பத்து மணிக்கு நான் போவேன். தொண்டையை அடைக்கிறேன் பார் என்று சபையில் சவால் விட்டவன், அந்தத் தொண்டையைக் கையில் ஏந்தித் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர் எதிரே நாற்காலியில் இருந்துகொண்டு என் விரலையே பார்ப்பார். "எடது பக்கம் சீக்கிரம் வந்துட்டீங்க. திரும்ப ஒருக்கா." முடித்ததும் நோட்டை நீட்டுவார். தேதிக்கு எதிரே பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

நான் சும்மா எழுதிக் கொடுத்ததில்லை. ஏதாவது சொல்லிவிட்டுத்தான் எழுதுவேன். மேனேஜருக்கு ரத்த அழுத்தம் இல்லை, ஏனென்றால் அதற்கு மேல் ஒரு மேனேஜர் இல்லை என்பேன். கண்ணடிக்கிற வயசா இது, பட்டாபிராம் வரைக்கும் கெட்ட பேர் என்பேன். அவர் ஒருமுறையும் சிரித்ததில்லை. ஆனால் நான் எதையாவது சொல்லி முடிக்கிற வரை நோட்டையும் நீட்ட மாட்டார். அதை நான் வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் இப்படி ஓடியது. நோட்டில் பக்கம் பக்கமாகப் பாஸ். மேனேஜர் குரைப்பதில்லை, என்னைக் கண்டால் காற்றாக ஒரு சத்தம் விடும். என் சாயங்கால அழைப்புகள் அமைதியாக நடந்தன. அந்த அமைதியில் எனக்கு வேலை ஓடவில்லை என்பதை யாரிடம் சொல்வது? பேச்சுக்கு நடுவில் எழுந்து போய், எதிர்வீட்டுக் கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு கேட்கிறதா என்று காதை வைத்துவிட்டு வருவேன். அந்த வேலைக்கான என் தகுதி எந்த ஞாயிற்றுக்கிழமையில் போனதென்று எனக்குத் தெரியாது.

அன்றைக்கும் பத்து மணி. தாடையிலிருந்து இறங்கினேன். வலது பக்கம் சுத்தம். இடது பக்கம் சுத்தம். தோள்பட்டைக்கு முன்னால் விரல் போனபோது, தோலுக்கு அடியில், ஊறாத கொண்டைக்கடலை ஒன்று.

விரலை எடுத்தேன். இன்னொரு முறை வைத்தேன். இருந்தது. நகர்த்திப் பார்த்தேன். நகரவில்லை. மேனேஜர் நான் கொஞ்சுகிறேன் என்று நினைத்து என் மணிக்கட்டை நக்கியது.

அவர் எதிரே உட்கார்ந்திருந்தார், நோட்டு மடியில். சீக்கிரம் வந்துட்டீங்க, திரும்ப ஒருக்கா என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. நான் வழக்கம்போல ஏதாவது சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். எதையோ சொல்லத்தான் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

அவர் நோட்டை நீட்டவில்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"சாவிய எடுத்துக்கினு வாங்க தம்பி" என்றார்.

கீழே போய்க் காரைத் திறந்து, பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் மேனேஜரைத் தூக்கிக்கொண்டு வந்து, என்னைத் தாண்டிப் போய், முன்சீட்டில் என் பக்கத்தில் ஏறிக்கொண்டார். நாயை மடியில் வைத்து, தலையைச் சாய்த்து, கண்ணை மூடினார். கேட்டைத் தாண்டியதும் வண்டியை நிறுத்தினேன்.

"ஆஸ்பத்திரிக்கு எந்தப் பக்கம் சார் போகட்டும்? எஸ்டேட் வழியாவா, பாடி வழியாவா?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. கட்டைவிரல், நாயின் காது ஓரமாக, நகம் படாமல் போய் வந்துகொண்டிருந்தது.

"நீங்க பாத்துப் போங்க தம்பி" என்றார்.